விராலின் வீட்டுத் திறப்பு

போன மாரி முடிஞ்ச கையோட நடந்தது இது. எங்கட ஊர் வாவிக்கரையில் வீச்சு வலையோட இறங்கி நின்ற ஒரு மாமாவின் பாதத்தில் தூண்டில் ஏறிவிட்டது. சாதாரணத் தூண்டில் இல்லை. மூன்று முள்ளும் மூன்று பக்கம் பார்க்கிற வகை. ஆற்றுவாழை வேருக்குள் மாட்டி, அறுந்து, அப்படியே கிடந்திருக்கிறது. அவர் வெறுங்காலோட மிதிச்சிட்டார். ஒரு முள் சதைக்குள்ளே, மற்ற இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு. இழுத்தால் வராது, முனைக்குப் பின்னால் எதிர்முள் இருக்கே. கரையில் நின்ற நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து இருத்தினோம்.

ஆட்டோ வரும்வரை அவர் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆர்ட சாமான் மனே இது? வலைக்காரன்ட இல்லையே. இது விளையாட்டுக்காரன்ட தூண்டில்.”

நான் வாய் திறக்கவில்லை. அந்த மாதத்தில் மட்டும் அதே இடத்தில் இரண்டு லூர் அறுத்துவிட்டிருந்தேன். அது என்னுடையதுதானா என்று இண்டைக்கும் தெரியாது. என்னுடையது இல்லை என்றும் சொல்லேலாது. அவர் பத்து நாள் தொழிலுக்குப் போகவில்லை. பத்து நாள் வலை இறங்கவில்லை என்றால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று வாவிக்கரையில் பிறந்த ஆருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

நம்ம பக்கத்தில் தூண்டில் புதிசு இல்லை. புதிசு என்னவென்றால், கடந்த சில வருசமாக எங்கட வயதுப் பொடியங்கள் கையில் வந்திருக்கிற சுழல் ரீலும், பிளாஸ்டிக் மீனும், ரப்பர் தவளையும். யூடியூபில் தாய்லாந்துக்காரனும் மலேசியாக்காரனும் புல்லுக்குள் தவளை எறிஞ்சு விரால் தூக்குவதைப் பார்த்து, நாங்களும் இறங்கினோம். கல்லடிப் பக்கம், நாவற்குடாப் பக்கம், அங்கால மண்முனை, அம்பிளாந்துறை, படுவான்கரை வாய்க்கால்கள் என்று பின்னேரங்களில் போனால் எங்களைக் காணலாம். நல்ல பழக்கம்தான். போனை நோண்டிக்கொண்டு குந்தியிருப்பதை விட எவ்வளவோ மேல். ஆனால் எங்கட சாமான் எங்கட வாவிக்குப் பொருந்தாது. அதைத்தான் எழுத வந்தேன்.

வாவியை ஒருக்கா நினைச்சுப் பாருங்க. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். மேற்கில் இருந்து மழைத்தண்ணியும் குளத்துத் தண்ணியும் இறங்கும். கிழக்கில் பாலமீன்மடு முகத்துவாரமும் தெற்கில் கல்லாற்றுப் பக்கமும் கடலைப் பார்க்கும். மழை கூடினால் வாவி நல்ல தண்ணி. முகத்துவாரம் வெட்டுப்பட்டுக் கடல் ஏறினால் உவர். மாரியில் ஆற்றுவாழை தீவு தீவாக மிதந்து வந்து கரையில் ஒதுங்கும். உப்பு ஏறியதும் மஞ்சளாகி அழுகிக் கீழே போகும். அடுத்த மாரிக்கு மறுபடி வரும். இந்தப் பூண்டைத் தடுக்க 1909இலேயே வெள்ளைக்காரன் தனியாக ஒரு சட்டம் போட்டான். நூறு வருசம் தாண்டியும் பூண்டு இருக்கு. அதோடு சல்வீனியா, அது 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்கென்று கொண்டுவரப்பட்டு நாடு முழுக்கப் பரவினது. இதுகளுக்கு நடுவே எங்கட சொந்தச் சம்பு, பன், ஒல்லி, தாமரை. உவர்ப் பக்கம் போனால் கண்டல் வேர்.

மீன் எங்கே நிக்கும்? இதுக்குள்ளேதான். வெளித்தண்ணியில் வலை இருக்கு, நீர்க்காகம் இருக்கு, வெயில் இருக்கு. கண்டல் வேருக்குள் கொடுவா. நல்ல தண்ணிப் பக்கம், ஆற்றுவாழைக்கும் ஒல்லி இலைக்கும் அடியில் விரால். விராலுக்கு இந்த இடம் இன்னும் வசதி, ஏனென்றால் அது தண்ணியில் உள்ள மூச்சை மட்டும் நம்பி வாழ்கிற மீன் இல்லை. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றுப் பிடிக்கிற அறை இருக்கு. சில நிமிசத்துக்கு ஒருக்கா மேலே வந்து ஒரு வாய் காற்று எடுக்காவிட்டால் தண்ணிக்குள்ளேயே மூச்சடைச்சுச் செத்துப்போகும். மற்ற மீன் தாங்காத, ஒட்சிசன் இல்லாத, அழுகல் நாத்தமடிக்கிற புல்லுக்கடியில் அது சொகுசாகக் கிடக்கிறதுக்குக் காரணம் அதுதான். இலைகளுக்கு நடுவே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டால் விரால் மூச்செடுக்குது என்று பெத்தப்பா காட்டித் தந்தார். காது அந்தச் சத்தத்துக்குப் பழகினால் பிறகு வீட்டில் தண்ணிப்பைப் சொட்டினாலும் திரும்பிப் பார்ப்பீங்க.

அந்த இடத்தில் போய் மூன்று முள் தொங்குகிற பிளாஸ்டிக் மீனை எறிஞ்சால் என்ன வரும்? ஆற்றுவாழைதான் வரும். வராவிட்டால் நூல் அறும். நூல் அறுந்தால் அந்தத் தங்கூசியும் முள்ளும் அங்கேயே கிடக்கும். தங்கூசி உக்காது. கொக்கின் காலில் சுத்தும், நீர்க்காகத்தின் செட்டையில் சுத்தும், மாமாவின் காலில் ஏறும்.

ரப்பர் தவளையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேணும். அது உண்மையில் புல்லுக்கென்றே செய்தது. இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேலே பார்த்து நிற்கும். மீன் கடிச்சு உடம்பு அமுங்கினால்தான் முள் வெளியே தெரியும். நல்ல யோசனை. ஆனால் விராலின் பல் நாலு தரம் பட்டால் ரப்பர் கிழிஞ்சு, தண்ணி நிரம்பி, குப்பைக்குப் போயிடும். 2022 நெருக்கடிக்குப் பிறகு வெளியில் இருந்து வாற சாமானின் விலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நல்ல தவளையின் காசுக்கு ஒரு பெட்டி தூண்டில் முள் வாங்கலாம்.

அதனாலேதான் சொல்கிறேன்: கட்டிப் பழகுங்க. நூலும் இறகும் மயிரும் வைத்து, ஒற்றை முள்ளில், புல்லில் மாட்டாத மாதிரி. இதுக்கு உலகத்தில் ‘ஃப்ளை’ என்று பேர். பேரில் ஈ இருந்தாலும் தவளையும் கட்டலாம், குஞ்சு மீனும் கட்டலாம், இறாலும் கட்டலாம்.

முறை கஷ்டமில்லை. நான் கட்டுகிறதைச் சொல்கிறேன். முள்ளைக் குறட்டில் பிடிச்சு, முதல் வேலையாக எதிர்முள்ளை நசுக்கி மட்டமாக்குகிறேன். மீன் தப்பிடும் என்று பயப்பிடுவாங்க. நூலைத் தளரவிடாமல் இழுத்தால் தப்பாது, காலில் ஏறினாலும் கழட்டலாம். மறுகா, தண்டு முடிஞ்சு வளைவு தொடங்குகிற இடத்தில் ஒரு சாண் தங்கூசித் துண்டைப் பின்பக்கம் பார்க்க வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, அதை அப்படியே தொங்கவிடுகிறேன். அதுக்கு மேலே வால்: இறைச்சிக்கடையில் கேட்டு வாங்கின ஆட்டு மயிர், இல்லாவிட்டால் சேவலின் கழுத்து இறகு. உடம்புக்குப் பழைய றப்பர் செருப்பில் வெட்டின துண்டு, மிதக்கும். கழுத்தில் இன்னும் கொஞ்ச இறகைச் சுத்தினால் தண்ணியில் கால் உதறுகிற மாதிரித் தெரியும். எல்லாம் முடிஞ்ச பிறகு, பின்னால் தொங்குகிற தங்கூசியை முள் முனைக்குக் கீழே வளைத்து முன்னுக்குக் கொண்டுவந்து, முள்ளின் கண்ணுக்குப் பக்கத்தில் கட்டி, மிச்சத்தை வெட்டி, முடிச்சில் அக்காவின் கியூட்டெக்ஸ் ஒரு சொட்டு. அந்த வளையம் முள் முனைக்கு ஒரு நெல்மணி அளவு கீழே இறங்கி நிற்க வேணும். புல்லும் வேரும் வந்தால் வளையத்தில் பட்டு வழுக்கிப் போகும்; மீன் கடிச்சால் வளையம் மடங்கி முள் ஏறும்.

இதில் நுட்பமே வளையத்தின் விறைப்பில்தான் இருக்கு. மெல்லிசாகப் போட்டால் புல்லே மடக்கிப்போடும். தடிப்பாகப் போட்டால் மீனையும் தடுக்கும். நான் 0.45 மில்லிமீற்றர் போடுகிறேன். புல்லில் மாட்டுவது அநேகமாக நிண்டு போச்சு. ஆனால் கடிச்ச விராலில் பாதி தப்பிப் போகுது. அளவு எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வளையம் இல்லாத வழிகளும் இருக்கு. முள்ளின் தண்டைக் கண்ணுக்குக் கிட்டச் சாதுவாக வளைத்து, மயிரை முனைப் பக்கமாகக் கட்டினால் முள் தலைகீழாக, முனை மேலே பார்த்து நீந்தும். மயிரே முனையை மறைக்கும். கூட வளைச்சால் வாய் ஒடுங்கி ஒண்டும் மாட்டாது. கொடுவாவுக்குக் கண்டல் வேருக்குள் இறக்க வேணுமென்றால் பாரம் தேவை. அமெரிக்காவில் பொப் கிளவுசர் என்பவர் 1980களில் தண்டின் மேல் பாரமான இரண்டு கண்ணைக் கட்டி, அந்தப் பாரத்தாலேயே முள் பிரண்டு நீந்துகிற மாதிரி ஒண்டு செய்தார். இண்டைக்கு உலகம் முழுக்க அதைத்தான் கட்டுகிறாங்கள். கண்ணுக்கு ஈயம் வேண்டாம். ஈயக் குண்டு விழுங்கின அன்னங்கள் சாகுது என்று இங்கிலாந்தில் 1987இலேயே சின்ன ஈயப் பாரங்களைத் தடை செய்தாங்கள். எங்களுக்குக் குளியலறை அடைப்புச் சங்கிலியின் இரண்டு மணி போதும்.

எறிகிறதுக்கு ஃப்ளை தடி வேணுமே என்று கேட்பீங்க. தேவையில்லை. நீளமான மூங்கில் தடி, தடியளவுக்குத் தடிச்ச நூல், நுனியில் ஃப்ளை. புல்லுக்கு நடுவே தெரிகிற ஓட்டைக்குள் இறக்கி, ரெண்டு துள்ளல், எடு, அடுத்த ஓட்டை. ஜப்பானில் மலையாற்றில் ரீலே இல்லாமல் இப்படித்தான் பிடிக்கிறாங்கள். தென்காரா என்று பேர் வைத்து இப்ப உலகம் முழுக்க விற்கிறாங்கள். எங்கட பெத்தப்பாமார் உயிர்த்தவளையைக் கொளுவி இதைத்தான் செய்தார்கள். பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு நண்பன் சொன்னதுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். “ஃப்ளை கட்டுறது வெள்ளைக்காரத் துரைமார்ட பொழுதுபோக்குடா, நுவரெலியாவில ட்ரௌட் பிடிச்சவங்கட வேலை.” ஓம், நுவரெலியாவுக்கு மீனையும் தடியையும் சேர்த்தே கொண்டுவந்தாங்கள். ஆனால் இறகையும் சிவப்புக் கம்பளி நூலையும் முள்ளில் கட்டி மீன் பிடிக்கிறதை ஏறத்தாழ 1800 வருசத்துக்கு முன்னமே ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மக்கெதோனியாவில் ஓர் ஆற்றங்கரைச் சனம் செய்வதாக எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சனம் துரைமார் இல்லை. சேவல் இறகும் நூலும் ஆர்ட வீட்டிலும் இருக்கிற சாமான். இங்கே துரைத்தனம் என்று ஒண்டு இருந்தால், அது ஒரு கிழமைச் சம்பளத்துக்கு லூர் வாங்கி வாவிக்குள் தொலைக்கிறதுதான்.

சரி. இதுவரை சொன்னது சுகமான பகுதி. எனக்கே நித்திரை கெடுக்கிற பகுதி இனித்தான்.

ஆற்றுவாழைக்குள் வீச்சு வலை விரியாது. தங்கூசி வலையும் உள்ளே இறங்காது. 1996ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டத்தின் கீழ் தங்கூசி வலைக்குத் தடை. இருந்தும் வாவியில் அது எவ்வளவு கிடக்கு என்பது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அந்த வலைகளுக்கு நடுவே விரால் இன்னும் மிஞ்சிக் கிடக்குதென்றால், ஆருக்கும் நுழைய ஏலாத அந்தப் புல்லும் ஒரு காரணம். இப்ப நான் என்ன செய்கிறேன்? அந்தப் புல்லுக்குள் மாட்டாமல் போய் வருகிற ஒரு சாமானைக் கட்டி, உங்களுக்கும் கட்டப் பழக்குகிறேன். பூட்டின வீட்டுக்கு ஒரு திறப்பு வெட்டித் தருகிறேன்.

போன வருசத்துக்கு முந்தின வருசம், படுவான்கரையில் ஒரு வயல் வாய்க்கால். நானும் மச்சானும். ஒல்லி இலைகளுக்கு நடுவே தண்ணி செக்கச்செவேலென்று கொதிக்கிற மாதிரித் தெரிஞ்சது. விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாக, காற்றெடுக்க மேலே வருவதும் கீழே போவதுமாக. விரால், முட்டை போட்டுவிட்டுப் போகிற மீன் இல்லை. புல்லை விலக்கி இடம் செய்து, மிதக்கிற முட்டைக்குக் காவல் நிண்டு, குஞ்சு பொரிச்ச பிறகும் கிழமைக்கணக்கில் கூடவே திரியும். கிட்ட எது வந்தாலும் பாயும். பசிக்குக் கடிக்கிறதில்லை, விரட்டக் கடிக்கும். அதனாலே, குஞ்சுப் பந்துக்குப் பக்கத்தில் எறிஞ்சால் சும்மா பிடிக்கிறவனுக்கும் விரால் கிடைக்கும். மச்சான் சொன்னான், “போடுடா.” நான் போட்டேன். இரண்டாவது துள்ளலுக்கே அடிச்சது. ரெண்டு கிலோவுக்குக் கிட்ட. படம் எடுத்தோம், போட்டோம், லைக்கும் வந்தது. அண்டிரவு குழம்பு.

அடுத்த நாள் பின்னேரம் அதே இடத்துக்குப் போனேன், சோடி மீனும் கிடைக்குமா என்ற பேராசையில். குஞ்சுப் பந்து இல்லை. அங்கொண்டும் இங்கொண்டுமாகச் சிதறி மேலே வந்து போய்க்கொண்டிருந்ததுகள். கரையில் மூன்று கொக்கு. அதுகளுக்கு அவசரமே இல்லை. வாற வாற குஞ்சை நிண்ட இடத்திலேயே பொறுக்கிக்கொண்டிருந்ததுகள். நான் தடியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மச்சானிடம் மீன் கடிக்கவில்லை என்று சொன்னேன்.

‘ஒரு பொடியன் ஒரு விரால் பிடிச்சால் வாவி வத்திடுமா, முதலில் தங்கூசி வலையை நிப்பாட்டுங்க’ என்று சொல்வது சுலபம். நானே கனநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சேன். ஆனால் வலைக்காரன் அந்தக் குஞ்சுப் பந்துக்குள் கை வைக்க ஏலாமல் நிக்கிறான்; நான் வைத்தேன். அவனுக்கு அது சோறு. எனக்கு அது படம். தங்கூசி வலையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வேணுமென்றால், முதலில் என்ட கையைப் பார்க்க வேணும்.

ஆகவே எங்கட ஆட்களிடம் கேட்கிறேன். சிவப்புக் குஞ்சு தெரிகிற இடத்தில் தூண்டில் இறக்கக்கூடாது. பிழையாக மாட்டினால் அதே இடத்தில், அதே நிமிசத்தில் விடவேணும்; எதிர்முள் நசுக்கின ஒற்றை முள் என்றால் அது பத்து விநாடி வேலை, மூன்று முள் இரண்டு என்றால் மீனின் முகமே கிழிஞ்சு போகும். குஞ்சோடு நிண்ட விராலைத் தூக்கிப் பிடிச்ச படத்துக்கு லைக் போடாதீங்க. வட்ஸ்அப் குழுவில் ஆரும் குஞ்சுப் பந்து இருக்கிற இடத்தைப் போட்டால், ‘அண்ணே, அதை அழியுங்க’ என்று சொல்லுங்க. கோவிச்சால் கோவிக்கட்டும், என்னோடும் ரெண்டு பேர் கோவம்தான். அறுந்த நூலை முடிஞ்சமட்டும் இழுத்து எடுத்துக்கொண்டு வாங்க. இறங்கி எடுக்கச் சொல்லவில்லை. முதலை இருக்கிற வாவி இது. வீட்டுக்குக் கறிக்கு மீன் வேணுமென்றால் எடுங்க, அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. நானும் எடுக்கிறேன். ‘பிடிச்சு விடு’ என்று வெளிநாட்டுக்காரன் சொல்கிறதை அப்படியே கொண்டுவந்து, மீன் தின்று வளர்ந்த ஊரில் நிண்டு உபதேசம் செய்கிற ஆள் நானில்லை.

மூன்று முள் லூரை வாவிக்கே கொண்டுவராதீங்க என்று சொன்னதுக்குத்தான் கூட எதிர்ப்பு. காசு போட்டு வாங்கினதாம். சரி, முள்ளைக் கழட்டிவிட்டு ஒற்றை முள் போடுங்க. குறடு இருந்தால் ரெண்டு நிமிசம்.

இந்தக் கிழமை அந்த மாமா வீட்டுக்குப் போனேன். கட்டின ஃப்ளை ஆறேழு ஒரு பழைய மாஜரின் டப்பாவில் இருந்தது. கனநேரம் வேற கதை கதைச்சு, கடைசியில் சொன்னேன், அது என்ட தூண்டிலாக இருக்கலாம் மாமா என்று.

“அண்டைக்கே உன்ட மூஞ்சில தெரிஞ்சது மருமகன்,” என்றார்.

பிறகு டப்பாவை வாங்கி ஒவ்வொண்டாக எடுத்துப் பார்த்தார். செருப்புத் துண்டைக் கண்டு சிரிச்சார். ஒண்டை உள்ளங்கையில் வைத்து, வளையத்தைப் பெருவிரலால் அமுக்கினார். விட்டார். மறுபடி அமுக்கினார்.

“இது கனக்க விறைப்பு. விரால் வாயப் பூட்டினா வழுக்கிப் போகும். ஒள்ளுப்பம் மெல்லிசாப் போடு. மறுகா, எனக்கும் ரெண்டு கட்டு. கறுப்பில.”

0.35 வாங்கியிருக்கிறேன். கறுப்புச் சேவல் தேடிக்கொண்டிருக்கிறேன்.